தெப்பக்குளத்தில் எனக்குப் போட்ட நாற்காலி

சாயங்காலம் ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு எனக்குக் கெட்ட நேரம் பிறந்தது. வண்டியூர்த் தெப்பக்குளக் கரையில், மூடிய கோட்டும் குடையுமாக, ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தேடியது என் மகன் சுந்தரத்தை. பக்தி எப்படி அரசியலாகிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். (படிக்க வேறு பாடமே இல்லை பாருங்கள்!) கல்லூரியில் ஆசிரியர் வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. போலீஸ் அறிக்கையில் பேர் ஏறினால் அதோடு சரி. நானோ தாலுகா கச்சேரிக் குமாஸ்தா, அரசாங்கச் சோறு.

அரசியல் கூட்டங்களுக்குத் தடை இருந்த காலம் அது. ஆகவே தேசபக்தர்கள் பாகவதரை வைத்து அசுரவதக் கதை சொன்னார்கள்; அன்றைக்குத் தெப்பக்குளக் கரையில் அந்தக் கதைதான். அசுரன் யாரென்று கைக்குழந்தைக்கும் தெரியும், சி.ஐ.டி.க்கும் தெரியும். அவரும் தவறாமல் வந்து எழுதிக்கொண்டு போவார். (அவருக்கு முன்வரிசையில் மேசை நாற்காலி போடுவது அந்தக் கால மரியாதை.) அவர் வருவதற்குள் மகனை இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

ஒரு கதர்ச்சட்டைக்காரரிடம் ரகசியமாகக் கேட்டேன்: "இங்க காலேஜ் பசங்க யாராச்சும் வந்திருக்காங்களா?"

இப்படிக் கேட்கிற உத்தியோகம் உலகத்தில் ஒன்றுதான் என்று எனக்கு உறைக்கவில்லை. அவருக்கு உறைத்துவிட்டது.

"மாப்ள, ஏட்டையா வந்துட்டாரு! நாற்காலியக் கொண்டா!"

"ஐயோ, நான் அவரில்லைங்க!"

"எல்லாரும் இப்படித்தாண்ணே சொல்லுறாக. உக்காருங்க, சோடா குடிங்க."

தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள். (இன்றைக்கும் யாராவது நாற்காலி நீட்டினால் நடுங்குகிறேன்.)

பாகவதர் தொடங்கினார். "கடல் தாண்டி வந்தான் அசுரன்! தலையில தொப்பி, வாயில சுருட்டு! என்ன ஏட்டையா, எழுதலையா? கை வலிக்குதோ?"

கூட்டம் சிரித்தது. பயத்தில் நானும் சிரித்துத் தொலைத்தேன்.

"பாத்தீகளா, போலீசே நம்ம பக்கம்!"

ஒரே கைதட்டல். கரைச்சுவரில் உட்கார்ந்து பலமாகத் தட்டியவன் என் புத்திரன். பாய்ந்துபோய்க் கையைப் பிடித்தேன்.

"வாடா வீட்டுக்கு! உன் பேரை எழுதிட்டா வேலை போயிரும்டா!"

"எழுத வேண்டியவரு நீங்கதானப்பா?" என்றான்.

அப்போதுதான் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, நோட்டும் கையுமாக வியர்க்க விறுவிறுக்க எங்களிடம் வந்தார் அசல் சி.ஐ.டி. நான் கும்பிட்டேன்.

"ஐயா, இவன் படிக்க வந்த பிள்ளை. பேரை எழுதிராதீக!"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பியத் தெரியாதா எனக்கு? ஆராய்ச்சிக்காரரு, அவரு பேரு எதுக்கு? சைக்கிள நிறுத்தும்போதே பாத்தேன், முன்வரிசையில உக்காந்து அம்புட்டுச் சிரிப்புச் சிரிச்சது நீங்கதான? உங்க பேரச் சொல்லுங்க."