கரட்டுச்சள்ளைக்கு மின்சாரம் சைக்கிளில் வந்த வரலாறு

மின்சாரம் கம்பி வழியாகத்தான் போகும் என்பது உலகம் நெடுங்காலமாகக் கட்டிக்கொண்டு அழுத ஒரு மூடநம்பிக்கை. அது சைக்கிளிலும் போகும், மேட்டில் நாலு பேர் தள்ளினால் இன்னும் நன்றாகப் போகும் என்று மனித குலத்துக்கு நிரூபித்துக் காட்டிய பெருமை, பாலக்காட்டுப் பக்கத்துக் கொல்லங்கோட்டில் இயங்கிய 'மலையோர மின்வசதி விரிவாக்க உபகோட்ட'த்தையே சேரும். ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது. பெரிய பெரிய நாடுகள் பெட்ரோல் கிடைக்காமல் விழி பிதுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், இந்த உபகோட்டம் சத்தமில்லாமல் வேலையை முடித்துவிட்டது.

அந்தப் பெருமைக்குத் தன் சைக்கிளைக் கொடுத்தவர் சென்னிமலை. ஊர் கரட்டுச்சள்ளை. கொல்லங்கோட்டிலிருந்து தெற்கே போய், கரட்டின்மேல் வளைந்து வளைந்து ஏறும் கல் பாதையின் முடிவில் இருக்கிறது. அங்கே அவருக்குக் கொஞ்சம் மேட்டுக்காடு, ஒரு கிணறு, ஒரு ஜோடிக் காளை, பால் கறக்க எருமைகள், எல்லாவற்றையும் கட்டி மேய்க்க நாச்சம்மாள் என்ற மனைவி. கிணற்றில் தண்ணீர் இருந்தது. ஆனால் வெகு கீழே இருந்தது. காளைகளைப் பூட்டித் தோல்சாலில் இறைக்கும் கவலை ஏற்றம்தான் கதி. கரண்ட் வந்ததும் மாட்டிக்கொள்ளட்டும் என்று நாச்சம்மாளின் அண்ணன் பொள்ளாச்சியிலிருந்து அனுப்பிய பம்ப் மோட்டார், மாட்டுக்கொட்டகையில் சாக்குப் போர்த்தி உட்கார்ந்திருந்தது. ஆயுத பூஜை தவறாமல் அதற்குப் பொட்டு வைத்தார்கள். மற்ற நாட்களில் அதன்மேல் கோழி அடைந்தது.

அந்தத் தை மாதம் சென்னிமலை துணிந்து காடு முழுக்க நிலக்கடலை போட்டார். துணிச்சலுக்குக் காரணம், கரட்டு அடிவாரத்தில் லாரி கொண்டுவந்து இறக்கிய மின்கம்பங்கள். கம்பம் வந்துவிட்டது, கரண்ட் பின்னாலேயே வருகிறது என்று அவர் நினைத்தார். கம்பங்கள் படுத்தபடியே கிடந்தன. ஆடுகள் அவற்றின்மேல் ஏறி நின்று ஊரை வேடிக்கை பார்த்தன. அவை எப்போது எழுந்து நிற்கும் என்று கேட்கத்தான் சென்னிமலை ஆபீசுக்குப் போனார்.

உதவிப் பொறியாளர் சுப்பராமன் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். மற்ற அதிகாரிகள் கோப்பைப் படிப்பார்கள். அவர் கோப்பை மூடிவைத்துச் சிந்திப்பார். அன்றும் சிந்தனையில்தான் இருந்தார்.

"கவுண்டரே, உட்காரும். உம்மோட அபேட்சையைத்தான் நான் ஆலோசிச்சிண்டிருந்தேன்."

"மனுக் குடுத்து ஏழு வருசமாச்சுங்க சார். கம்பம் வந்து படுத்துக் கெடக்குதுங்க."

"கம்பத்தை விடும். கம்பம் நட்டா கம்பி கட்டணும், கம்பி கட்டினா டிரான்ஸ்பார்மர் வைக்கணும், டிரான்ஸ்பார்மர் வச்சா அது கெட்டுப்போகணும். இதெல்லாம் பழைய ஏற்பாடாக்கும். கரண்ட்டுக்குக் கால் இல்லேன்னுதானே கம்பி வேண்டியிருக்கு? சக்கரம் கொடுத்துட்டா?"

சென்னிமலைக்கு விளங்கவில்லை. ஆபீசில் விளங்காததற்குத் தலையாட்டுவது மரியாதை என்பதால் தலையாட்டினார்.

"புதுசா ஒரு பத்ததி வந்திருக்கு. மலைப்பாதையிலே மின்சார சைக்கிள். சாதா சைக்கிள்லேயே மோட்டாரைப் பிடிப்பிச்சுடலாம். உமக்குச் சைக்கிள் இருக்கோல்லியோ?"

"இருக்குதுங்க. பால் கேனு கட்டிட்டு சொசைட்டிக்கு வர்றதுங்க. எனக்குக் கெணத்துக்குத்தானுங்க கரண்ட் வேணும்."

"நீர் இதுக்கு ஒத்தாசை பண்ணும். கரட்டுச்சள்ளைக்காரா ஒத்தாசை பண்றவான்னு மேலே தெரியட்டும். அப்புறம் உம்ம ஊர்ப் பிரச்சினை மார்ச்சுக்குள்ளே தீர்ந்துடும். நான் சொல்றேன்."

மார்ச்சு என்றால் பங்குனி. கடலைக்குத் தண்ணீர் மிகவும் வேண்டிய நேரம். சென்னிமலை அங்கேயே சைக்கிள் சாவியைக் கொடுத்துவிட்டார்.

கொல்லங்கோடு கடைவீதியில் ஆசீர்வாதத்தின் சைக்கிள் கடையில் அந்த விஞ்ஞான வேள்வி நடந்தது. பழைய காரிலிருந்து கழற்றிய டைனமோவை மோட்டாராகச் சுற்ற வைத்து, பெல்ட் போட்டுப் பின்சக்கரத்தோடு பூட்டினார்கள். பால் கேன் இருந்த கேரியரில் லாரி பேட்டரி ஒன்று குடியேறியது. ஸ்டாண்டு போட்டு நிறுத்தியதும் சைக்கிள் பின்பக்கமாகச் சாய்ந்து முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டது. இதைச் சுப்பராமன் 'ஏறுமுகம்' என்று குறிப்பிட்டார்.

ஆசீர்வாதம் சென்னிமலையைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். இதுல ஆளும் உக்காரோணுமா, இல்ல பேட்டரி மட்டும் போனாப் போதுமா?"

"நானும் உக்காரலாம்னுதான் இருக்கறனப்பா."

"அப்ப மேட்டுல ரெண்டுல ஒருத்தர் எறங்கித்தான் ஆகோணும். பேட்டரி எறங்காது."

ஆசீர்வாதம் சொன்னபடியேதான் நடந்தது. பேட்டரிக்கு மின்சாரம் ஏற்ற வேண்டும். கரட்டுச்சள்ளையில் மின்சாரம் இல்லை. ஆகவே தினமும் சாயங்காலம் சென்னிமலை பேட்டரியைக் கீழே கொண்டுபோய் ஆபீஸ் வராந்தாவில் வைப்பார். காலையில் பால் ஊற்றிவிட்டுப் போய் எடுத்துக் கட்டிக்கொண்டு திரும்புவார். இறக்கத்தில் சைக்கிளுக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. ஏற்றத்தில் முதல் வளைவுவரை அது ராஜா மாதிரி ஏறியது. இரண்டாவது வளைவில் முனகியது. மூன்றாவதில் டைனமோ சூடேறிக் கருகல் வாடை அடித்து நின்றுவிடும். அதற்குமேல் பாதையெல்லாம் சென்னிமலை இறங்கித் தள்ளினார். முன்பு தள்ளியதற்கும் இப்போது தள்ளுவதற்கும் வித்தியாசம், இப்போது தள்ளுவது நவீன வாகனம். பால் கேனுக்கு அதில் இடமில்லாததால் அது ஹாண்டில்பாரில் தொங்கி அவர் முழங்காலை இடித்தது.

மாசிக் கடைசியில் காளைகளில் வலத்தான் நுரை தள்ளிப் படுத்தது. மறுபடி எழவே இல்லை. ஒற்றை மாட்டை வைத்துக் கவலை ஓட்ட முடியாது. நாச்சம்மாள் சகடையில் கயிறு போட்டுக் குடம் குடமாக இறைத்துக் கடலைக்கு ஊற்றினாள். உள்ளங்கை தோல் உரிந்து போயிற்று.

"ஏனுங்க, அந்த வண்டி எதுக்குங்க நமக்கு? அத ஊட்டுக்குக் கொண்டாந்து சேக்கறதுக்கே உங்களுக்குப் பொழுது போயிருது."

"கொஞ்சம் பொறு புள்ள. பங்குனிக்குள்ள லைன் குடுத்தர்றேன்னு சொல்லியிருக்கறாரு."

"கடல பொறுக்குமான்னு அவுரக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்டால் ஒத்தாசை குறைந்துவிடுமோ என்று பயந்தார். அந்தப் பயத்தில் தவறேதும் இல்லை. ஏழு வருஷம் காத்திருந்தவன் எட்டாவது வருஷம் வாயைத் திறக்க யோசிக்கத்தான் செய்வான்.

பங்குனி நடுவில் மேலதிகாரி சோதனை ஓட்டம் பார்க்க ஜீப்பில் வந்தார். சைக்கிளுக்குச் சாமந்தி மாலை. சென்னிமலைக்குத் துவைத்த வேட்டி. முதல் வளைவு ஜோராகக் கடந்தது. மேலதிகாரி கைதட்டினார். இரண்டாவதில் முனகல். மூன்றாவதில் வழக்கம்போல் வாடை வந்தது. சென்னிமலை பழக்க தோஷத்தில் காலைத் தூக்கி இறங்கப் போனார்.

ஜீப்பிலிருந்து சுப்பராமன் தலையை நீட்டினார். "இறங்கப்படாது, கவுண்டரே. 'இறங்காமல் ஏறியது'ன்னு நான் ரிப்போர்ட் எழுதியாச்சு."

"நிக்குதுங்களே சார்."

"நாலு பேர் பிடிச்சுக்கோங்கோ."

ஊர்க்காரர்கள் ஓடிவந்து தள்ளினார்கள். லைன் வரும் என்றால் அவர்கள் அந்தக் கரட்டையே தள்ளியிருப்பார்கள். முன்னால் மாலை போட்ட சைக்கிள், அதன்மேல் கூச்சத்தோடு சென்னிமலை, பின்னால் மூச்சு வாங்கும் ஊர், அதற்கும் பின்னால் ஜீப் என்று ஊர்வலம் போயிற்று. மேலதிகாரிக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவர்கள் ஏன் தள்ளுகிறார்கள் என்று கேட்டார்.

"அவா தள்றது வண்டியை இல்லே, சார். வண்டி மேலே உட்கார்ந்திருக்கற கவுண்டரை" என்றார் சுப்பராமன். "வண்டி கரண்ட்லேதான் போறது."

மேலதிகாரி திருப்தியடைந்தார். ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் பேட்டரியில் மிச்சமிருந்த உயிரை வைத்து முன்விளக்கைப் போட்டுக் காட்டினார்கள். பட்டப்பகல் வெயிலில் அது எரிகிறதா என்று மேலதிகாரி கையைக் குவித்துப் பார்த்தார். எரிந்தது. உடனே பிரசங்கம் தொடங்கிவிட்டார். ஓர் ஊரின் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காகவாவது மின்சாரம் பயன்பட்டால் அது மின்வசதி பெற்ற ஊர் என்பது விதி. இந்த உபகோட்டத்தில் பாக்கியிருந்த ஒரே ஊர் கரட்டுச்சள்ளை. இன்றோடு அந்தக் குறையும் தீர்ந்தது. நூற்றுக்கு நூறு. பாதி மலையாளத்திலும் பாதி இங்கிலீஷிலும் நடந்த பிரசங்கத்தில் சென்னிமலைக்குப் புரிந்தது 'நூற்றுக்கு நூறு' மட்டும்தான். அது நல்ல வார்த்தையாகப் பட்டது. அவரும் கைதட்டினார்.

இரண்டு நாள் கழித்து, மூன்றாவது வளைவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தவர் கீழே அடிவாரத்தில் லாரி நிற்பதைப் பார்த்தார். ஆட்கள் கம்பங்களைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நட வந்துவிட்டார்கள் என்று நினைத்து, சைக்கிளைப் பாறையில் சாய்த்துவிட்டு, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒத்தாசைக்கு இறங்கி ஓடினார். அவர் போய்ச் சேரும்போது லாரி கிளம்பிவிட்டது. கம்பங்கள் மேலே எஸ்டேட் பங்களாவுக்குப் போகின்றன, அங்கே விருந்தாளிகள் வருகிறார்களாம் என்று ஒருவன் சொன்னான்.

சென்னிமலை மேல்மூச்சு வாங்க ஆபீசுக்குப் போய் நின்றார்.

"சார், எங்க லைன் எப்பங்க?"

"இனி எதுக்கு லைன்? உம்ம ஊர்லேதான் கரண்ட் இருக்கே. இருக்கற ஊருக்கு மறுபடியும் கொடுத்தா அது ரெட்டிப்பு ஆயிடும். ஆடிட்டர் சம்மதிக்க மாட்டான்."

"கெணத்துல தண்ணி எப்புடிங்க எடுக்கறது?"

சுப்பராமன் கண்ணை மூடிச் சிந்தித்தார். "சைக்கிளைக் கிணத்தோரமா நிறுத்திப் பாரும். ஏதாவது வழி பிறக்கும்."

அன்றைக்குத்தான் சென்னிமலைக்குக் கோபம் வந்தது. பாறையில் சாய்த்திருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே ஆசீர்வாதத்தின் கடைக்குப் போய் டைனமோவையும் பெல்ட்டையும் பேட்டரியையும் கழற்றச் சொன்னார். சாக்கில் கட்டி ஆபீஸ் வராந்தாவில் வைத்துவிட்டு, வெறும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். நாலாவது வளைவுவரை இறங்கவே இல்லை.

அடுத்த வாரம் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. விசாரணையாம். சென்னிமலை போனபோது சுப்பராமன் முன்பு இல்லாத விறைப்போடு உட்கார்ந்திருந்தார். சாக்குமூட்டை 'சாட்சிப் பொருள்' என்ற பேரில் மேசைமேல் இருந்தது.

"கவுண்டரே, நீர் செஞ்சது என்னன்னு தெரியுமோ? ஒரு ஊருக்கே கரண்ட்டைத் துண்டிச்சிருக்கீர். நூத்துக்கு நூறு இருந்த உபகோட்டம் உம்மாலே இப்போ நூறு இல்லே. இது சர்க்காருக்கு விரோதமான குற்றமாக்கும்."

சென்னிமலை ஆடிப்போவார் என்று சுப்பராமன் எதிர்பார்த்தார். ஆனால் ஏழு வருஷம் ஆபீஸ் வாசலில் நின்றவருக்கும் கொஞ்சம் ஆபீஸ் புத்தி வந்திருந்தது.

"ஆமாங்க சார். நாந்தான் வெட்டிப்போட்டனுங்க. என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கறேன். ஆனா ஊருக்குப் போன கரண்ட்ட நீங்க திருப்பிக் குடுத்துத்தான ஆகோணும்? சைக்கிளு இனி தரமாட்டனுங்க. கம்பத்த நட்டு, கம்பி வழியாவே குடுத்துப்போடுங்க."

சுப்பராமனுக்கு முதன்முறையாகச் சிந்தனை ஓடவில்லை. பேனாவைத் திறந்தார், மூடினார். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டச் சொன்னார். சென்னிமலை கைகட்டி நின்றார். ஜெயித்துவிட்டோம் என்றே அவருக்குத் தோன்றியது. கடலை இன்னும் முழுசாகக் காயவில்லை. ஒரு வாரத்தில் லைன் வந்தால்கூடப் பிழைத்துக்கொள்ளும்.

மின்விசிறி வேகமெடுத்ததும் சுப்பராமனும் தெளிந்தார்.

"மறு இணைப்பு கொடுக்கலாம், அதிலே ஆட்சேபம் இல்லே. ஆனா விதி ஒண்ணு உண்டு. பாதிக்கப்பட்டவா புகார் கொடுக்கணும். துண்டிச்சவரே புகார் கொடுக்கப்படாது. கரண்ட் போச்சுன்னு உம்ம ஊர்லே வேற யாராவது பரிதவிச்சாளா?"

சென்னிமலை பொய் சொல்லியிருக்கலாம். அது அவருக்கு வராது.

"எப்புடிங்க தவிப்பாங்க? போனது ஒருத்தருக்கும் தெரியலீங்களே."

சுப்பராமன் முகம் மலர்ந்தது. உடனே எழுதினார்: 'கரட்டுச்சள்ளையில் ஏற்பட்ட மின்தடை பொதுமக்களால் உணரப்படவே இல்லை. விநியோகத்தின் தரம் அந்த அளவுக்கு உயர்ந்துள்ளது. புகார் ஏதுமில்லை.'

அந்த மூன்று வாக்கியங்களுக்காக உபகோட்டத்துக்குக் கேடயம் கிடைத்தது. பாலக்காட்டில் நடந்த விழாவில் சுப்பராமன் அதை இரண்டு கையாலும் வாங்கி உயர்த்திக் காட்டினார். அதே வேளையில், நூற்றுக்கு நூறு மின்வசதி பெற்ற கரட்டுச்சள்ளையில், வலத்தான் இருந்த பக்கத்து நுகத்தடியைத் தோளில் தாங்கி, மிச்சமிருந்த காளையோடு சேர்ந்து நாச்சம்மாள் கவலை இழுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பற்றியும் இன்றுவரை ஆபீசுக்குப் புகார் ஏதும் வரவில்லை.