மாப்பிள்ளைக்குத் தைத்த கம்பளிப் பை

பெரிய படிப்புப் படித்த என் அன்புத் தம்பிக்கு, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்துவிட்ட உன் அக்கா எழுதுவது. இங்கே நான் நலம். பண்ணையில் பசுக்கள் நலம். உன் மாமா உயிரோடு இருக்கிறார். நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது, கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம், "எவ்வளவு அழகான மரம், எத்தனை கிளை!" என்கிறார்கள். அது மரம் இல்லை, காளையின் விதைப்பைத் தோலில் ஓடுகிற ரத்தக் குழாய், என் தம்பி வருஷக்கணக்காக அதைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமாம், ரொம்ப வயசான மரம்" என்று சொல்லிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை வந்தபோது, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் உன் மாமாவுக்குப் பாடம் நடத்தினாயே, நினைவிருக்கிறதா? அந்த இடத்தில் தோல் மெல்லிசு, அடியில் கொழுப்பு கிடையாது, ரத்தக் குழாய்கள் தோலை ஒட்டிக் கொடி மாதிரிப் படர்ந்திருக்கும், ரத்தத்தின் சூடு அந்த வழியாக வெளியே போய்விடும் என்றாய். அதுவரை உன் மாமா விழித்திருந்தார். அப்படிச் சூடு போனால்தான் விந்து நல்லபடியாக இருக்கும், குளிரடித்தால் பை தானே சுருங்கி மேலே ஏறிக்கொள்ளும், மனுஷன் ஒன்றும் செய்ய வேண்டாம், சூட்டில் கெட்டாலும் சூடு தணிந்தால் இரண்டு மாசத்தில் தேறிவிடும் என்றும் சொன்னாய். அதற்குள் அவர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

இந்த வருஷம் குளிர் கொஞ்சம் அதிகம். நம் பண்ணைப் பொலிகாளையை நாங்கள் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறோம், அதன் வேலை அப்படி. ஒருநாள் காலையில் உன் மாமா தொழுவத்திலிருந்து கண் கலங்கி வந்தார். "பாவம்டி, மாப்பிள்ளைக்குச் சூடெல்லாம் அந்த வழியா வீணாப் போகுது. உன் தம்பியே சொன்னானே. கதவு திறந்து கிடந்தா சாத்த மாட்டோமா?" என்றார். சாத்திவிட்டார். நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த கம்பளியில் பாதியை வெட்டி, நாடா கோத்து, உள்ளே மெத்தென்று துணி வைத்து ஒரு பை தைத்தார். சட்டைக்குப் பொத்தான் தைக்கச் சொன்னால் ஊசி எந்தப் பக்கம் குத்தும் என்று கேட்கிற மனுஷன்! தையல் நேராக வேறு இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மாப்பிள்ளையும் கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுப்பது போல அசையாமல் நின்றது. பண்ணை முதலாளி வருகிற வண்டிச் சத்தம் கேட்டால், பார்த்துச் சிரிப்பாரோ என்ற வெட்கத்தில் இவர் ஓடிப்போய் அவிழ்ப்பார். வண்டி திரும்பியதும் கட்டுவார். இப்படியே வாரக்கணக்கில் ஓடியது.

பலன் என்ன? ஒரு பசுவும் சினை பிடிக்கவில்லை. சோதிக்க வந்த மாட்டு டாக்டரம்மா விந்தை எடுத்துப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தார். "பாதி செத்துக் கெடக்கு. மீதி தெசை தெரியாமச் சுத்துது" என்றார். முதலாளி யோசிக்கவே இல்லை. "வேலை செய்யாத காளைக்குத் தீனி எதுக்கு? அடுத்த வண்டியில கறிக்கு ஏத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதிலிருந்து உன் மாமா சாப்பிடவில்லை, தம்பி. தட்டில் பூ வரைந்திருந்தால் அதையும் சேர்த்து வழித்துச் சாப்பிடுகிறவர், தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தொழுவத்தில் போய்க் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "முதலாளிகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க" என்றேன். "சொன்னா என் வேலை போயிடும்டி." "சொல்லலேன்னா அதோட தலை போயிடும்." "அது தெரியாமயா இப்படி நிக்கிறேன்?" என்று அழுதுவிட்டார். மாப்பிள்ளை அவர் காதை நக்கிக் கொடுத்தது. அதற்கு அவர் மேல் வருத்தமே இல்லை, அதுதான் பார்க்க முடியவில்லை.

ஆகவே நீ உன் காலேஜ் லெட்டர்பேடில் முதலாளிக்கு நாலு வரி எழுதிப் போடு. பை கட்டச் சொன்னது நீதான், விதைப்பைத் தோலை மூடிவைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கிற ஆராய்ச்சி அது, பையை அவிழ்த்துவிட்டால் இரண்டு மாசத்தில் காளை பழையபடி ஆகிவிடும் என்று எழுது. கடைசி வரி நிஜம், நீயே சொன்னதுதான். மற்றதெல்லாம் பொய்யாயிற்றே என்று இழுக்காதே. அப்பாவின் மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டுப் பூனை மேல் பழி போட்டவன்தானே நீ? நம் வீட்டில் பூனையே கிடையாது. அப்படியும் நம்ப வைத்தாய். காலேஜ் முத்திரையை மட்டும் பெரிதாகக் குத்து.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பைச் சொல். நீ நூறு வயசு இரு. உன் குழாய்களும் அடைப்பில்லாமல் ஓடட்டும். எப்போதாவது காளையின் முகத்தையும் பார்.

இப்படிக்கு,
அதை மரம் என்றே சாதித்துக்கொண்டிருக்கும் உன் அக்கா.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் முதலாளி வாசலில் வந்து நின்றார். அவரைக் கண்டதும் உன் மாமா பையும் கையுமாகப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். முதலாளி பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டாக்டரம்மாவுக்கு போன் போட்டார். "கழட்டிட்டா ரெண்டு மாசத்துல தேறிடுமாம். வண்டி வேணாம்" என்றார். "என் வேலை?" என்று இவர் கேட்டார். முதலாளி குரலைத் தாழ்த்தி, "பக்கத்துப் பண்ணைக்காரன் காளை நம்ம வேலியில தலையை நீட்டிக்கிட்டே நிக்குது, எப்ப வேணா தாண்டி நம்ம பசுங்ககிட்ட வந்துடும். அதுக்கும் ஒண்ணு தைக்க முடியுமா?" என்றார். ஆகையால் மேலே எழுதிய எதையும் செய்யாதே. உன் மாமா இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு, நாடாவை எடுத்துக்கொண்டு அளவெடுக்கப் போயிருக்கிறார். என் கம்பளியில் மீதிப் பாதியும் போயிற்று. கனமானதாக ஒன்று வாங்கி உடனே அனுப்பு. இப்போது சூடு வெளியே போவது எனக்குத்தான்.