தாழ்ச்சிப் பேருரையில் ஒலிவாங்கி கவர்ந்த படலம்

மன்னர் பலர் மண்ணாண்டு மறைந்த தொண்டை நன்னாட்டில், மதகரி பிளந்தோரும் மாற்றார் மதில் தகர்த்தோரும் கனவிலும் துணியாத அருஞ்செயல் ஒன்றை ஆற்றவென்றே அவதரித்த ஆண்டகை, முடிச்சூர் அடுக்ககத்து மூன்றாம் மாடியின் முடிசூடா வேந்தர், தொலைபேசித் துறையில் முப்பத்தாறு ஆண்டு வாகை சூடி ஓய்வெனும் அரியணை ஏறிய பட்டாபிராமனைப் பாடுவோம். அந்த அருஞ்செயல் யாதெனில், கல்லூரிக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்பது.

மின்கலம் உண்டு உயிர்வாழும் நங்கையே, கம்பி துறந்த ஒலிவாங்கியே, முணுமுணுப்பை முழக்கமாக்கும் மாயம் வல்லவளே, இக்கதை கரகரக்காமல் காப்பாயாக.

தாம்பரத்துக் கல்லூரி ஒன்றில் மாதந்தோறும் ஒரு சனிக்கிழமை மாலை, கத்தோலிக்கச் சிந்தனையும் பண்பாடும் என்ற பொருளில் பொது உரை நடக்கும். எவரும் வரலாம், முடிவில் தேநீரும் உண்டு. கடந்த நான்கு உரைகளுக்கும் நம் தலைவர் தவறாமல் சென்றார், நான்கிலும் கேள்வி நேரத்தில் கை உயர்த்தினார், நான்கிலும் அவர் கை உயர்ந்தபடியே உறைந்தது. காரணம், ஒவ்வொரு முறையும் முந்திக்கொண்ட லோகநாதன். முடிச்சூரின் பூர்வகுடி, வயலெல்லாம் மனையானபின் கம்பி, சிமெண்ட் கடை வைத்துக் கொழித்தவர். தேவாலயக் கட்டடக் கலை பற்றிய முதல் உரையின் முடிவில் ஒலிவாங்கியை முந்திப் பற்றியவர் அவர்தாம்.

"ஃபாதர், அவ்ளோ ஒசரக் கோபுரத்துக்கு அந்தக் காலத்துல சாரம் இன்னாத்துல கட்னாங்க?"

அவை கைதட்டியது. பேச வந்த பாதிரியார் மகிழ்ந்துபோய் மேடையை விட்டிறங்கி, "உங்க பேர் என்னங்க?" என்று கேட்டார். அந்தக் கைதட்டல் பட்டாபிராமனின் நெஞ்சில் நெருஞ்சியாய்த் தைத்தது. ஐயகோ, சிமெண்ட் விற்கிறவன் கேள்விக்குச் சபை கைதட்டுவதா, சாத்திரம் கற்றவன் கை காற்றைத் துழாவுவதா.

இன்று ஐந்தாம் உரை, இத்தொடரின் இறுதி உரை. பொருள், தாழ்ச்சி எனும் பணிவு. உரைப்பவர் அருட்தந்தை சாலமன். இன்று விட்டால் இனியில்லை. ஆதலின் ஒரு மாத காலம் உள்ளமெனும் உலைக்களத்தில் ஊதி, அடித்து, வளைத்து, நிமிர்த்தி, நம் தலைவர் ஒரு கேள்வியைக் கூர்தீட்டியிருந்தார்: தனக்குத் தாழ்ச்சி உண்டென்று ஒருவன் அறிந்தால், அப்புறம் அது தாழ்ச்சியா? இதைக் கேட்டதும் சாலமன் திகைப்பார், அவை சிலிர்க்கும், லோகநாதன் சுருங்குவார். அதற்கு ஊரே சாட்சியாகட்டும் என்று அடுக்ககத்து வாட்ஸாப் குழுவில் பறையறைந்தார்: "இன்று மாலை யூடியூப் நேரலை. அடியேனின் வினாவைத் தவறவிட வேண்டாம்." ஒன்பது கட்டைவிரல்கள் உயர்ந்தன.

"கேட்டுட்டு உடனே உக்காந்துடுங்கோ. ஃபிளாட்ல எல்லாரும் பாக்கறா," என்றாள் இல்லத்தரசி காமு.

"வெறுமனே கேள்வி கேட்கப் போறேன்னு நினைச்சியா?" என்று மொழிந்து, இஸ்திரி மடிப்பு கவசமாக, மூக்குக்கண்ணாடி கேடயமாக, ஷேர் ஆட்டோ என்னும் தேரில் நால்வரோடு ஐவராய் நெருக்குண்டு அவர் புறப்பட்டார்.

அரங்கில் நடைபாதையோரம் மூன்றாம் வரிசை நாற்காலியைக் கைப்பற்றினார். ஒலிவாங்கி ஏந்தி நிற்கும் ஜாஸ்மின் என்ற மாணவி அவ்வழியேதான் வருவாள் என்பதை நான்கு தோல்விகள் கற்பித்திருந்தன. பாதைக்கு மறுபுறம் லோகநாதன் ஏற்கெனவே அமர்ந்திருந்தார்.

"இன்னா சார், இன்னிக்குப் பளபளன்னு கீறீங்க?"

தலைவர் தம் கண்ணாடிக் கேடயத்தைத் துடைத்துக்கொண்டார். பகைவனோடு களத்தில் பேசுவது மரபன்று.

சாலமன் ஒரு மணிநேரம் பேசினார். தாழ்ச்சி என்பது தன்னை இழிவாக எண்ணுவதன்று, தன்னையே எண்ணாதிருப்பது என்று அவர் மெல்லிய குரலில் விளக்கியபோது, மாணவர் சிலர் எழுதிக்கொண்டனர், லோகநாதன் தலையாட்டினார், பட்டாபிராமன் ஒலிவாங்கி இருந்த மேசைக்கும் தம் நாற்காலிக்கும் எத்தனை அடி என்று கணித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்காவது கேள்வி இருந்தா கேக்கலாம். பேர், ஊர், கேள்வி. ரெண்டே நிமிஷம்," என்று ஒலிவாங்கியை எடுத்து வந்தாள் ஜாஸ்மின்.

இடியேறு இரண்டு ஒருசேர எழுந்தாற்போல் இருவரும் எழுந்தனர். அந்தோ, எழுந்தவர் ஒருவரே. எழுதுபலகை பொருத்திய கல்லூரி நாற்காலி, சிமெண்ட் வேந்தரின் தொந்தியைப் பலகைக்கும் முதுகுச் சாய்மானத்துக்கும் இடையே சிறைப்பிடித்தது. அவர் நெம்ப, நாற்காலியும் உடன் எழ, அந்த இமைப்பொழுதில் இரைகண்ட பருந்தெனப் பாய்ந்த பட்டாபிராமன், ஜாஸ்மினின் கையிலிருந்து ஒலிவாங்கியைக் கவர்ந்தார்.

"எடுத்துக்கோ சார், அது எங்க ஓடிடப் போவுது," என்றார் நாற்காலிக்குள்ளிருந்து லோகநாதன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். முரசம் முழங்கியது. பேர் சொன்னார். பேரோடு பட்டம் சொன்னார், பட்டத்தோடு பதக்கம் சொன்னார், தொலைபேசித் துறையில் தாம் வகித்த பதவிகளை ஏறுவரிசையில் சொன்னார், முடிச்சூர் வெள்ளத்தின்போது அடுக்ககச் செயலாளராக இருந்து மோட்டார் போட்டதைச் சொன்னார், சமயங்கள் அனைத்தையும் தாம் சமமாகக் கருதுவதைச் சொன்னார், அமெரிக்காவில் மகன் உமேஷ் வீட்டுக்கருகே ஒரு தேவாலயம் இருப்பதைச் சொன்னார், தாம் தற்பெருமை பேசும் வழக்கமில்லாதவர் என்பதையும் இரண்டு முறை சொன்னார். இரண்டு நிமிட மணி அடித்தது. அவர் அதை வெற்றிமுழக்கமென்று கொண்டு மேலும் சொன்னார். மறுபடி அடித்தது. பின்வரிசைகள் தேநீர் வாசம் வந்த திசைக்கு ஒவ்வொன்றாய்க் கலைந்தன.

"சார், டைம் ஆயிடுச்சு," என்று ஜாஸ்மின் அருகே வந்தாள்.

"இருக்கட்டும்மா," என்று கையமர்த்திய சாலமன், மேசைமேல் சாய்ந்து நம் தலைவரைக் கனிவோடு நோக்கினார். "கேள்விய மட்டும் கேளுங்க சார்."

அவை திரும்பியது. காமிரா திரும்பியது. தலைவர் வாய் திறந்து, கேள்வியெனும் கூர்வேலை எடுக்க உள்ளத்துள் கைவிட்டார். பட்டமும் பதக்கமும் பதவிகளும் மோட்டாரும் மகனும் கையில் தட்டுப்பட்டன. வேல் தட்டுப்படவில்லை. மீண்டும் துழாவினார்.

"கூச்சப்படாம கேளு சார்," என்றார் லோகநாதன். கேலியாகக்கூடச் சொல்லவில்லை.

முடிச்சூர் வேந்தர் ஒலிவாங்கியை இரு கைகளாலும் பற்றினார். "ஃபாதர், இந்த அஞ்சு லெக்சருக்கும் வந்தவாளுக்கு சர்டிஃபிகேட் ஏதாவது உண்டா?"

மாணவர்களுக்கு மட்டும்தான் உண்டு.