நாற்பதைத் தாண்டினால்

"அண்ணே, நாப்பது தாண்டிருச்சு! கலாஸ், வேலை முடிஞ்சுது!" கம்பி முறுக்கும் குறட்டைக் கீழே போட்டான் நாகலிங்கம்.

காலை ஒன்பதுதான். சவூதியில், தம்மாம் சைட்டில் கம்பி கட்டிக்கொண்டிருந்து, போன மாதம்தான் போர்மேன் ஆகியிருந்த பாண்டித்துரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிமெண்ட் லோடோடு ஆபீஸ் ஒரு தெர்மாமீட்டரை அனுப்பியிருந்தது. கூடவே ஒரே வரி உத்தரவு: நாற்பதைத் தாண்டினால் நிறுத்து.

கூரைத் தளம் முடிந்தால்தான் அவருக்கு லீவு. மகள் காதுகுத்து ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது.

"திடீர்னு இவங்களுக்கு நம்ம மேல என்னடா பாசம்?" என்று புலம்பினார்.

மறுநாள் மீட்டரைத் தண்ணீர் டிரம்முக்குள் இறக்கிவிட்டார். தண்ணீர் சூடேற அவசரப்படாது. மத்தியானம் கம்பியைத் தொட்டவன் கை கொப்பளித்தது. மீட்டர் முப்பத்தாறு காட்டியது.

"இது நியாயமாண்ணே?"

"என்னைய ஏன் கேக்குற? மீட்டரைக் கேளு."

ஆனால் தண்ணீர் ஆறவும் அவசரப்படாது. சாயங்காலம் கம்பியெல்லாம் ஆறிவிட்டது, டிரம் மட்டும் நாற்பத்தொன்றில் நின்றது.

"மீட்டரைக் கேட்டேண்ணே. உக்காரச் சொல்லுது" என்று உட்கார்ந்துவிட்டான் நாகலிங்கம்.

பாண்டித்துரை மீட்டரை எடுத்துக் கம்பியில் கட்டினார். சடசடவென்று இறங்கியது. "யல்லா, யல்லா! எந்திரிங்கடா!"

காலையில் அதை அவிழ்க்க மறந்துபோனார். வெயில் பட்டதும் இரும்பு கொதித்து, எட்டு மணிக்கே ஐம்பத்திரண்டு. ஆட்கள் நிழலில் உட்கார்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வெறி பிடித்தவர், சொந்தக் காசில் ஐஸ் வாங்கி டிரம்மில் கொட்டி மீட்டரைப் போட்டார். இருபது! உச்சி வெயிலில் தளம் போட்டு முடித்தார்கள். நாகலிங்கம் மயங்கி விழுந்தான். பாண்டித்துரை ஓடிவந்து மிச்சமிருந்த ஐஸை அள்ளி அவன் தலையில் வைத்தார்.

ஊருக்குப் பெட்டி கட்டியவரை மேனேஜர் கூப்பிட்டார். தளம் முழுக்க வெடிப்பு. இடித்துவிட்டு மறுபடி போட வேண்டும். லீவு மாஃபி, கிடையவே கிடையாது.

கலவை லாரி டிரைவர் செய்கு அலாவுதீனிடம் போய் உட்கார்ந்து அழுதார்.

"பாவம் பண்ணிட்டேன் பாய். நம்ம ஆளுங்க வெயில்ல சாகக் கூடாதுன்னு கம்பெனி மீட்டர் அனுப்புச்சு. அதையும் ஏமாத்திட்டேன்."

அலாவுதீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மனுசனுக்கு எவன்யா மீட்டர் அனுப்புறான்? வெயில்ல போட்டா வெடிச்சிரும்னு காங்கிரீட்டுக்கு அனுப்புனதுய்யா அது."