எலிப்பொறிக்குத் தடையில்லாச் சான்று

எழுநூறு ஆண்டுகளுக்கு முன் பாதி நாட்டை வாரிக்கொண்டு போன கொள்ளைநோய்க்கு யார் பொறுப்பு என்று கண்டறிய ஓர் அரசு ஆய்வு நிறுவனம் இருந்தது. எலியின் மேலிருந்த தெள்ளுப்பூச்சிதான் என்றார் ஒரு பேராசிரியர். மனிதர் மேல் ஊர்ந்த பேன்தான் என்றார் இன்னொருவர். விசாரணை நிதானமாக நடந்தது. இறந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

நிறுவனத்தின் கண்காணிப்பாளர் அந்த வளாகத்திலேயே குடியிருந்தார். விதியை மீறித் தும்மக்கூட மாட்டார். ஒருநாள் காலையில் பார்த்தால், மகளின் தலையணை மூலையில் எலி கடித்திருந்தது.

"இன்னைக்குத் தலையணை, நாளைக்குப் பிள்ளையோட காது," என்றாள் மனைவி. "முதல்ல ஒரு எலிப்பொறி வாங்கிட்டு வாங்க."

மனிதர் ஓடிப்போய் மகளின் இரண்டு காதையும் தடவிப் பார்த்தார். ஆனாலும் அரசுக் கட்டடம் அல்லவா? இயக்குநரிடம் போய் நின்றார்.

"எலிப்பொறியா!" இயக்குநர் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். "விசாரணை நடக்கும்போது நாமே எலியைப் பிடிச்சா, அதுதான் குற்றவாளின்னு தீர்ப்பு சொன்ன மாதிரி ஆகாதாய்யா? பேன் பேராசிரியர் சும்மா விடுவாரா?"

"குழந்தை தூங்கற இடம் சார்..."

"அப்ப ஒண்ணு பண்ணுய்யா. பொறி ஒண்ணு, பேன்சீப்பு ஒண்ணுன்னு சமமா எழுது. ரெண்டு பேரும் தடையில்லாச் சான்று குடுக்கட்டும்."

எலிப் பேராசிரியர் பொறியை ஒப்புக்கொண்டு சீப்பை அடித்துவிட்டார். பேன் பேராசிரியர் சீப்பை ஒப்புக்கொண்டு பொறியை அடித்துவிட்டார். நம்மவர் கோப்பும் கையுமாக மாடிக்கும் கீழுக்கும் அலைந்தார். எலி குட்டி போட்டது.

விஷயம் ஊருக்குள் கசிந்தது. ஊரே எலிக் கட்சி, பேன் கட்சி என்று பிரிந்து, அதுவே புது நாகரிகமும் ஆகிவிட்டது. எலிக் கட்சி இளைஞர்கள் மீசையை மெழுகு தடவி விறைப்பாக நீட்டினார்கள். பேன் கட்சிப் பெண்கள் மொட்டையடித்துக்கொண்டு, சீப்பைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். "பையன் தங்கமான பையன்தான், ஆனா பேனாமே!" என்று சம்பந்தங்கள் முறிந்தன.

மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே ஒரு பொறி வாங்கி வைத்தாள். மறுநாளே எலி மாட்டியது. நிறுவனமே அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தது.

"முக்கிய சாட்சி!" என்றார் எலிப் பேராசிரியர்.

"அப்பாவி!" என்றார் பேன் பேராசிரியர்.

எலியை அது பிடிபட்ட இடத்திலேயே உயிரோடு பாதுகாக்க வேண்டும், சாட்சியைக் கலைக்கக்கூடிய மனிதர்கள் உடனே வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவாயிற்று. உத்தரவை எழுதியவர் கண்காணிப்பாளரேதான். "வாசகம் நல்லா அமைஞ்சிருக்கு இல்ல?" என்று மனைவிக்குப் படித்தும் காட்டினார். அவள் தலையில் அடித்துக்கொண்டு பெட்டியைக் கட்டினாள்.

சாட்சியைப் பார்க்க ஊரே திரண்டது. கூண்டுக்குள் விரலை விட்டுக் கொஞ்சியவர்களும் உண்டு. அடுத்த வாரம் ஊர் முழுக்கக் காய்ச்சல். என்ன செய்வது என்று நிறுவனத்தைக் கேட்டார்கள். 'நடப்புக் காய்ச்சல்கள் எமது வரம்புக்குள் வாரா. எழுநூறு ஆண்டுகள் கழித்து விண்ணப்பிக்கவும்' என்று பதில் போனது. அதை எழுதியவரும் நம்மவர்தான். அன்று மாலையே மகளின் நெற்றி கொதித்தது.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே எலிக்கு ஒரு வரிசை, பேனுக்கு ஒரு வரிசை. வாசலில் காவலாளி மறித்தார்.

"எந்தக் கட்சி சார்?"

"ரெண்டும் இல்லைப்பா. குழந்தைக்குக் காய்ச்சல்."

"நடுநிலைக்கு இன்னும் வரிசை திறக்கல. மனு எழுதிக் குடுங்க."

கெஞ்சத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வாயில் வந்ததோ வேறு.

"எத்தனை பிரதி?"

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, காவலாளியைத் தள்ளிவிட்டு, நேராக டாக்டரின் அறைக்குள் நுழைந்தாள்.

அந்தக் கணத்தில்தான் எலி-பேன் சண்டை ஓய்ந்தது. நீட்டிய மீசைகளும் மொட்டைத் தலைகளும் காய்ச்சலை மறந்து, ஒரே குரலில் கத்தின:

"ஏம்மா, வரிசையில வாம்மா!"