ஒத்தக்கை பாயின் ரேடியோ இரைச்சல்

காவிரித் தண்ணீர் பாயும் ஊர்களையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தாலும், இரண்டு கையும் நன்றாக இருந்தும் ஒரே கையால் குடை விரித்து, ஒரே கையால் சட்டைப் பித்தான் மாட்டி, ஒரே கையால் குடித்தனம் நடத்திய மனிதர் எங்கள் மயிலாடுதுறைத் தெருவின் ஒத்தக்கை பாய் ஒருவர்தான். கைதட்ட வேண்டிய இடத்தில் தொடையில் தட்டுவார். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், பாவம், இடது கையே கிடையாது போலிருக்கிறது என்று உச்சுக் கொட்டுவார்கள்.

எல்லாம் தொழில் பழக்கம். வால்வு ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கண்டன்சரில் மின்சாரம் பதுங்கியிருக்கும். இரண்டு கையையும் விட்டால் ஒன்றில் ஏறி, நெஞ்சு வழியாக இன்னொன்றில் இறங்கிவிடும். அதனால் இடது கை எப்போதும் முதுகுக்குப் பின்னால். சின்ன வயதில் ரேடியோ கடையில் பிடித்த பழக்கம், சவுதியில் பாதி ஆயுசைக் கழித்துத் திரும்பிய பிறகும் அவரை விடவில்லை.

இன்னொரு கிறுக்கும் உண்டு. கழற்றிய பழைய கண்டன்சரை அந்த இடத்திலேயே சுத்தியலால் நசுக்கிவிடுவார். "எவனாச்சும் எடுத்து இன்னொரு செட்டுல மாட்டிடுவான். செத்தது செத்ததாவே போவட்டும்" என்பார். நல்ல கொள்கைதான். அவரைக் கவிழ்த்ததும் அதுதான்.

பாய் வீட்டு வால்வு ரேடியோவில் கண்டன்சர் ஒன்று கெட்டுப்போனதால் எந்தப் பாட்டுக்கு அடியிலும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டேயிருக்கும். சவுதியிலிருந்து லீவில் வந்தால் பெட்டியை இறக்கியதும் முதல் வேலை அதைப் போடுவதுதான். அவர் இல்லாத நாட்களில் மனைவி ஜொஹராம்மா அதைத் தொடவே மாட்டார். அந்த இரைச்சல் கேட்டால் பாய் வந்துவிட்டார் என்று தெருவுக்கே தெரியும்.

பாய் ஊரோடு வந்த சில வருஷத்தில் ஜொஹராம்மாவுக்கு ஞாபகம் கரைய ஆரம்பித்தது. எதிரில் உட்கார்ந்திருக்கும் பாயைப் பார்த்து, "தம்பி, வேலை முடிஞ்சா கெளம்புங்க. எங்க வீட்டுக்காரங்க லீவுல வர்ற நேரம்" என்பார். ரேடியோ போட்டால் மட்டும் முகம் மலர்ந்து, "எப்ப வந்தீங்க?" என்று கேட்பார்.

பாய்க்குப் பேராசை வந்தது. "ஓட்டை ரேடியோவுக்கே இவ்வளவு தெளியிறா. அதைப் புதுசாக்கிட்டா முழுசாவே திரும்பிடுவா" என்று என்னிடம் சொன்னார். மெக்கானிக்குக்கு மட்டும்தான் இப்படித் தோன்றும்.

வீடு பட்டறையானது. உள்ளேயிருந்த ரப்பர் வயர்கள் தொட்டதும் முறுக்குப்போல் நொறுங்கின. அத்தனையையும் பிடுங்கிப் புது வயர் இழுத்தார். கண்டன்சர் ஒன்றுவிடாமல் மாற்றினார். பழையவற்றை வழக்கம்போல் சுத்தியலால் சம்ஹாரம் செய்தார். பிறகு எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துச் சுவிட்சைப் போட்டார். வால்வு சூடேறியதும், இரைச்சலே இல்லாமல், பக்கத்து அறையில் வாசிப்பதுபோல் நாதஸ்வரம் வந்தது. நாங்கள் கைதட்டினோம். பாய் தொடையில் தட்டினார்.

ஜொஹராம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நல்லா ஆக்கிட்டீங்க தம்பி. அவங்க வந்ததும் காட்டுறேன்" என்றார்.

அப்போது பாய் முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

புதுக் கண்டன்சர் ஒன்றைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். இரைச்சல் வந்தது, ஆனால் சுருதி வேறு. "வயல்ல யாரோ மோட்டாரை நிறுத்தாம போயிட்டாங்க" என்றார் ஜொஹராம்மா. அதற்குப் பிறகு பாய் கெட்டுப்போன கண்டன்சர் தேடி ஊர் ஊராக அலைந்தார். துணைக்கு நான். கீழ்வேளூரில் ஒரு கடைக்காரர், "நல்லதா தர்றேன் பாய்" என்றார்.

"நல்லது வேணாங்க. கெட்டதா குடுங்க. ரொம்பக் கெட்டதா."

கடைக்காரர் என்னைப் பார்த்து, "இவர டாக்டர்ட்ட காட்டுறீங்களா?" என்றார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் வலங்கைமானில் ஒரு விதைக்கடைப் பரணில் அதே மாதிரி செட் கிடைத்தது. அதற்குப் புதுக் கண்டன்சர் போட்டுக் கொடுத்துவிட்டு, கெட்டதை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் அதே 'ம்ம்ம்' கேட்டது.

ஜொஹராம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளேயிருந்து ஓடிவந்தார். "எப்ப வந்தீங்க? இப்படி எளச்சுட்டீங்களே! எத்தன நாளு லீவு?"

பாய் கொஞ்சம் தடுமாறினார். "லீவு இல்ல ஜொஹரா. இனிமே போவல. இங்கயேதான்."

ஆயுசு முழுக்க அந்த அம்மா காத்திருந்த பதில் அது. அழுதார், சிரித்தார், டீ போட ஓடினார். மறுநாள் மறந்துபோய் மறுபடியும் கேட்டார். பாயும் முதல் தடவை போலவே மறுபடி சொன்னார். சாயங்காலந்தோறும் அந்த வீட்டில் ஒருவர் சவுதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

போன அறுவடை சமயத்தில் ஜொஹராம்மா மவுத்தானார். அடக்கம் முடிந்து வந்த பாய் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுத்தானே போனேன்? அவ சொல்லாமப் போயிட்டாளே" என்றார்.

இப்போது ரேடியோவைப் போட பாய்க்கு மனசு வருவதில்லை. சாயங்காலமானால் நான்தான் போய்ப் போடுகிறேன். அவர் உள்கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் எழுந்திருக்கும்வரை நானும் எழுந்திருப்பதில்லை.