பெயர் படிக்காமல் திறப்பதில்லை

திரை முழுக்கக் கேள்விக்குறிகள். பார்சல் ஆபீஸ் குமாஸ்தா மறுபடியும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"துடைச்சா போகாது சார்," என்றார் கம்ப்யூட்டர் மெக்கானிக். "பாட்டோட பேரெல்லாம் தமிழ்ல வெச்சிருக்காங்க. புது மெஷினுக்கு அது புரியல."

பழைய கம்ப்யூட்டர் போன வாரம் உயிரை விட்டது. அதில் பாடிப் பாடிப் பதிந்து வைத்த மனைவி போன வருடமே போய்விட்டாள். மிச்சம் அதிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்தான். மாலையில் மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். அம்மா பாடிய தாலாட்டைக் குழந்தைக்குக் கேட்கவைக்க வேண்டுமாம்.

ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடுமே என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தார். குமாஸ்தா மசியவில்லை. மேல்விலாசம் படிக்காமல் ஒரு மூட்டையைக்கூட நகர்த்தியறியாத கை அது. தவிர, கடைசி நாட்களில் அவள் மூச்சு வாங்க வாங்கப் பாடியதும் உள்ளே எங்கேயோ இருந்தது. தவறிப்போய் அதைத் திறந்துவிட்டால் தாங்க அவருக்குத் தெம்பில்லை.

எழுத்துகளை எண்களாக்கி வைக்கப் பல முறைகள் இருக்கின்றனவாம். பழைய சிஸ்டத்துக்கு ஒன்று, புதியதற்கு வேறொன்று. எதை வைத்துப் படிப்பது என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டுமாம். மெக்கானிக் ஒன்றைச் சொன்னார். கேள்விக்குறிகள் மறைந்து, தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த அயல்நாட்டு எழுத்துகள் வந்து நின்றன.

"இந்த பாஷையெல்லாம் இவ எப்பக் கத்துக்கிட்டா?" என்று குமாஸ்தா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அடுத்ததை மாற்றியதும் தமிழே வந்துவிட்டது. ஆனால் 'கமதபபப', 'ளலலனக' என்று வந்தது.

"எழுத்து தமிழ்தான். பேச்சு தமிழ் இல்லையே," என்றார் குமாஸ்தா. "இது இல்லப்பா. வேற பாரு."

மெக்கானிக்குக்கும் ரோஷம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு நகர்த்தினால் பெயர்கள் தானாக ஒழுங்காகும் என்றார். குமாஸ்தா தலையாட்டினார். புது டிஸ்க்கோ, தனக்குப் புரியாத பெயருக்கெல்லாம் பதிலாக ஒற்றைக் கோடு போட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் ஆனதால், வந்த பாட்டெல்லாம் முன்பு வந்ததை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்தது. மெக்கானிக் பதறி நிறுத்துவதற்குள் பழைய டிஸ்க் காலி. புதியதில் மிஞ்சியது ஒன்றே ஒன்று.

அதைத் திறக்க இருவருக்கும் தைரியமில்லை. மாலையில் வந்த மகள்தான் திறந்தாள். பாட்டு இல்லை. தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு, "பதியுதா இது?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

குமாஸ்தா நடந்ததையெல்லாம் சொன்னார். பெயர்கள் கடைசிவரை 'கமதபபப' என்று உளறலாகவே வந்ததையும் சொன்னார்.

மகள் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டாள்.

"அது சரியாத்தான்பா வந்திருக்கு. அம்மாவுக்கு டைப் பண்ணத் தெரியாது, கைக்குத் தட்டுப்பட்டதை அடிச்சுத்தான் பேர் வெப்பாங்க."